ஆன்டிவைரஸ் மேலாண்மை சர்வரை மாற்றிய பின் எழும் சிக்கல்கள்: அறிகுறி வழியே பிழை நீக்கம்

ஆன்டிவைரஸ் மேலாண்மை மென்பொருளைப் புதிய சர்வரில் நிறுவும் வேலை பெரும்பாலும் தடையின்றி முடிந்துவிடும். பயனர் கணினிகளில் உள்ள ஏஜென்ட்டுகள் (சர்வரோடு பேசி அதன் கட்டளைகளை நிறைவேற்றும் சிறு நிரல்கள்) அந்தப் புதிய சர்வரைத் தேடி வரவேண்டிய கட்டத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. காஸ்பர்ஸ்கி செக்யூரிட்டி சென்டர், ஈசெட் புரொடெக்ட், சைமான்டெக் எண்ட்பாயின்ட் புரொடெக்‌ஷன் மேனேஜர், டிரெலிக்ஸ் ஈபிஓ ஆகியவற்றுள் எதை எடுத்துக்கொண்டாலும், ஒவ்வொரு கணினியிலும் உள்ள ஏஜென்ட் மூன்று செய்திகளைப் பதிந்து வைத்திருக்கிறது: சர்வர் இருக்கும் முகவரி, எதிரில் பேசுவது தன்னுடைய சர்வர்தானா என்று சரிபார்க்க உதவும் சான்றிதழ் அல்லது திறவுகோல், தான் யார் என்பதைச் சொல்லும் அடையாள எண். கீழே வரும் அறிகுறிகளில் பல இம்மூன்றில் ஒன்று பொருந்தாமல் போவதால் எழுபவை. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் ஏஜென்ட்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவும் அவசரத்தைத் தள்ளிவையுங்கள். அப்படிச் செய்தால் காரணத்தைச் சொல்லக்கூடிய லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்புகளும் சேர்ந்து அழிந்துவிடும். அடுத்த கணினியிலும் அதே சிக்கலை முதலிலிருந்து தேட நேரிடும்.

பழைய சர்வர் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தால், மேற்கொண்டு படிப்பதற்கு முன் அதிலிருந்து எடுக்கவேண்டியதை எடுத்துவிடுங்கள். காஸ்பர்ஸ்கியில் கேஎல்பேக்கப் கருவி எடுக்கும் பேக்கப்பில் தரவுத்தளமும் சர்வர் சான்றிதழும் சேர்ந்தே வரும். சைமான்டெக்கில் ரெக்கவரி கோப்பு தனியாகவும் தரவுத்தள பேக்கப் தனியாகவும் தேவை. ஈசெட்டில் சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் சான்றளிப்பு மையத்தையும் சர்வர், ஏஜென்ட் சான்றிதழ்களையும் ஏற்றுமதி செய்து வைக்கவேண்டும். ஈபிஓவில் டிசாஸ்டர் ரெக்கவரி ஸ்னாப்ஷாட்டும் (பேரிடர் மீட்புக்கான நகல்), அதைத் திறப்பதற்கான கடவுச்சொற்றொடரும் இரண்டும் கையில் இருக்கவேண்டும். சொற்றொடர் தெரியாத ஸ்னாப்ஷாட்டை வைத்துக்கொண்டு மீட்பை முடிக்க முடியாது.

அறிகுறி: கன்சோல் (நிர்வாகி பார்க்கும் மேலாண்மைத் திரை) திறக்கிறது, கணினிகளின் பட்டியலும் தெரிகிறது, ஆனால் ஒன்றுகூடத் தொடர்பில் இல்லை

பட்டியல் தெரிகிறது என்பதாலேயே தரவுத்தளம் நல்லபடியாக வந்துசேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். எனவே சர்வர் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஏதேனும் ஒரு பயனர் கணினியின் முன் போய் உட்காருங்கள். கன்சோலிலிருந்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் ‘தொடர்பில்லை’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் எதுவும் தெரியவராது. ஏன் தொடர்பில்லை என்பது அந்தக் கணினியின் ஏஜென்ட்டுக்கு மட்டுமே தெரியும்.

முதலில், அந்த ஏஜென்ட் எந்த முகவரியைத் தேடுகிறது என்று பாருங்கள். காஸ்பர்ஸ்கியில் ஏஜென்ட் நிறுவப்பட்ட கோப்புறையிலுள்ள கேஎல்நாக்செக் கருவியை இயக்கினால் சர்வர் முகவரியும், இணைப்புச் சோதனையின் முடிவும் வரும். ஈசெட்டில் ஏஜென்ட்டின் லாக் கோப்புறையிலுள்ள ஸ்டேட்டஸ்.எச்டிஎம்எல் பக்கத்தை உலாவியில் திறந்தால், கடைசியாக எப்போது, எந்தச் சர்வருடன், என்ன காரணத்தால் இணைப்பு தவறியது என்பது வண்ணத்தோடு தெரியும். சைமான்டெக்கில் சைலிங்க்.எக்ஸ்எம்எல் கோப்பிலும், ஈபிஓவில் சைட்லிஸ்ட்.எக்ஸ்எம்எல் கோப்பிலும் முகவரி இருக்கும். அங்கே பழைய சர்வரின் பெயரே இருந்தால், இடம் மாறிய செய்தி ஏஜென்ட்டுக்கு வந்துசேரவே இல்லை என்று பொருள்.

அந்தச் செய்தியைப் பழைய சர்வர் வழியாக அனுப்புவதே சிறந்த வழி, ஏனெனில் ஏஜென்ட் இன்னும் நம்புவது அதை மட்டுமே. பழைய சர்வரை மீண்டும் இயக்கி, சைமான்டெக்கில் மேலாண்மைச் சர்வர் பட்டியலில் புதியதை முதல் முன்னுரிமையிலும் பழையதை இரண்டாவதிலும் வைத்தால், ஏஜென்ட்டுகள் அடுத்தடுத்த தொடர்புகளில் அப்பட்டியலைப் பெற்றுக்கொண்டு தாமாகவே இடம் மாறும். காஸ்பர்ஸ்கியில் நிர்வாகச் சர்வரை மாற்றும் டாஸ்க்கும், ஈசெட்டில் ஏஜென்ட் இணையவேண்டிய சர்வரைக் குறிக்கும் பாலிசியும் (ஏஜென்ட்டுகளுக்கு அனுப்பும் அமைப்புத் தொகுப்பு) இதே வேலையைச் செய்கின்றன. பழைய சர்வரை இயக்கவே வழியில்லாத நிலையில், டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சேவை) அதன் பெயரைப் புதிய சர்வரின் ஐபிக்குத் திருப்பிவிடலாம். ஏஜென்ட்டுகள் பெயருக்குப் பதில் ஐபியைக் கொண்டே தேடுபவையாக இருந்தால், பழைய ஐபியையே புதிய சர்வருக்குக் கொடுத்துவிடலாம். இரண்டுமே நேர்மையான தீர்வுகள்தான். இவற்றைக் குறுக்குவழி என்று தயங்கவேண்டியதில்லை.

முகவரி சரியாக இருந்தும் தொடர்பு கிடைக்கவில்லையென்றால் போர்ட்டை (சர்வரில் அந்தச் சேவைக்கான எண்ணிட்ட வாயில்) சோதியுங்கள். பிங் பதில் சொல்வதை வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம், அது போர்ட்டைத் தொடுவதே இல்லை. பயனர் கணினியின் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையைச் சர்வர் பெயரோடும் போர்ட் எண்ணோடும் இயக்கி, முடிவின் கடைசி வரியில் ட்ரூ என்று வருகிறதா என்று பாருங்கள். இயல்புநிலையில் காஸ்பர்ஸ்கி ஏஜென்ட் 13000 போர்ட்டையும் ஈசெட் ஏஜென்ட் 2222 போர்ட்டையும் பயன்படுத்தும். சைமான்டெக்கில் பழைய பதிப்புகள் 8014 போர்ட்டையும், 14ஆம் பதிப்பிலிருந்து புதிதாக நிறுவப்பட்டவை 443 போர்ட்டையும் பயன்படுத்தும். முந்தைய நிர்வாகி இவற்றை மாற்றியிருக்கக்கூடும் என்பதால் பழைய சர்வரின் அமைப்பையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். முடிவு ஃபால்ஸ் என்று வந்தால், போர்ட்டுகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையைச் சர்வரிலேயே இயக்கி, அந்தப் போர்ட்டில் சர்வீஸ் காத்திருக்கிறதா என்று பாருங்கள். காத்திருக்கிறது என்றால் தடை சர்வரின் ஃபயர்வாலிலோ இடையிலுள்ள ஃபயர்வாலிலோ இருக்கிறது.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. புதிய சர்வரின் நெட்வொர்க் இணைப்பு ‘டொமைன்’ என்பதற்குப் பதிலாக ‘பப்ளிக்’ என்று அடையாளம் காணப்பட்டிருந்தால், டொமைன் வகைக்கு மட்டும் எழுதப்பட்ட ஃபயர்வால் விதிகள் எதுவும் அங்கே செல்லாது. விதி இருக்கிறது, பச்சை நிறத்திலும் இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது. ஃபயர்வாலை முழுவதும் அணைத்துப் பார்த்துவிட்டு அப்படியே மறந்துவிடுவதைவிட, இணைப்பு எந்த வகையில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது.

போர்ட்டும் திறந்திருந்து, ஏஜென்ட்டின் லாகில் சான்றிதழ் நிராகரிப்பு, சர்வர் அடையாளம் சரிபார்க்கப்படவில்லை என்பன போன்ற வரிகள் வந்தால், ஏஜென்ட் சர்வரை அடைந்துவிட்டது, ஆனால் நம்ப மறுக்கிறது என்று பொருள். புதிய சர்வரை வெறுமையாக நிறுவி, பாலிசிகளை மட்டும் இறக்குமதி செய்தவர்களுக்கு இது கட்டாயம் வரும்; நிறுவும்போதே அந்தச் சர்வர் தனக்கென்று புதுச் சான்றிதழை உருவாக்கிக்கொண்டிருக்கும். பேக்கப்பிலிருந்து பழைய சான்றிதழை மீட்டு வைப்பதே நேரான வழி. காஸ்பர்ஸ்கியில் கேஎல்பேக்கப் மூலம் மீட்டாலே சான்றிதழும் திரும்பிவிடும். ஈசெட்டில் வேறொரு வழியும் உண்டு: புதிய சர்வரின் சான்றளிப்பு மையத்தைப் பழைய சர்வரில் இறக்குமதி செய்துவிட்டு, எல்லா ஏஜென்ட்டுகளும் அதைப் பெற்றுக்கொண்ட பிறகு மட்டும், இடம் மாறச் சொல்லும் பாலிசியை அனுப்பவேண்டும். வரிசை தவறினால், ஏஜென்ட் பழைய சர்வரை விட்டு விலகியிருக்கும், புதியதும் அதை ஏற்றிருக்காது. சான்றிதழின் ஹோஸ்ட் புலத்தில் பழைய சர்வரின் பெயரோ ஐபியோ மட்டும் எழுதப்பட்டிருந்தாலும் இதே நிராகரிப்பு வரும். அங்கே நட்சத்திரக் குறி இருந்தால் இந்தக் கவலை இல்லை.

பழைய சர்வரும் போய், சான்றிதழும் இல்லாமல் போனால், ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட்டின் தொடர்பு அமைப்பை மாற்றித்தான் ஆகவேண்டும். அப்போதும் ஆன்டிவைரஸ் முழுவதையும் நீக்கத் தேவையில்லை. காஸ்பர்ஸ்கிக்குக் கேஎல்மூவர், சைமான்டெக்குக்குச் சைலிங்க்டிராப் என்று முகவரியையும் நம்பிக்கையையும் மட்டும் மாற்றும் கருவிகள் இருக்கின்றன. இவற்றை விண்டோஸின் குரூப் பாலிசியின் தொடக்க ஸ்கிரிப்ட் வழியாக இயக்கலாம். ஏஜென்ட்டின் தற்காப்பு அமைப்பு இந்த மாற்றத்தைத் தடுத்தால், அதற்குரிய கடவுச்சொல் பழைய பாலிசியில் வைத்ததுதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அறிகுறி: பெரும்பாலான கணினிகள் வந்துவிட்டன, ஒரு கூட்டம் மட்டும் வரவில்லை

வராத கணினிகளுக்குள் என்ன பொதுவாக இருக்கிறது என்று பாருங்கள். இந்தக் கேள்வியிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அவை அனைத்தும் ஒரே கிளை அலுவலகத்தைச் சேர்ந்தவையானால், அந்தக் கிளையின் ஃபயர்வாலில் பழைய சர்வரின் ஐபிக்கு மட்டும் அனுமதி எழுதப்பட்டிருக்கும். அல்லது கிளையின் டிஎன்எஸ் சர்வர் பழைய விடையையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும். பெயருக்குரிய ஐபியைக் காட்டும் என்எஸ்லுக்அப் கட்டளை ஒரே பெயருக்கு தலைமை அலுவலகத்தில் ஒரு ஐபியும் கிளையில் வேறு ஐபியும் தந்தால் காரணம் உறுதி. சில கணினிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் யாரோ எப்போதோ பழைய முகவரியை எழுதிவைத்திருப்பதும் நடக்கும்.

அவை அனைத்தும் பழைய விண்டோஸ் பதிப்புகளானால், இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் பக்கம் பாருங்கள். புதிய சர்வரில் பாதுகாப்பு கருதி டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் அணைத்திருப்பார்கள். விண்டோஸ் 7 கணினியில் டிஎல்எஸ் 1.2 இருந்தாலும் அது இயல்பாக இயக்கத்தில் இருக்காது, எனவே விண்டோஸின் சொந்த நூலகத்தை நம்பியிருக்கும் ஏஜென்ட்டுகள், இணைப்பு விதிகளை இருபுறமும் ஒப்புக்கொள்ளும் ‘கைகுலுக்கல்’ கட்டத்திலேயே தோற்றுவிடும். தீர்வு பயனர் கணினியில் 1.2 பதிப்பை இயக்குவதுதான். சர்வரைப் பழைய பதிப்புக்குத் தளர்த்துவது, சில கணினிகளுக்காக எல்லாக் கணினிகளின் பாதுகாப்பையும் இறக்குவதாகும். அதைத் தவிர்க்க முடியாத இடத்தில், முடியும் தேதி ஒன்றைக் குறித்துக்கொண்டு செய்யுங்கள்.

எந்தப் பொதுத்தன்மையும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வராதவை இருந்தால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். நேற்று உருவாக்கப்பட்ட சான்றிதழை, தேதி ஒரு வாரம் பின்தங்கிய கணினி ‘இன்னும் செல்லுபடியாகத் தொடங்காத சான்றிதழ்’ என்று ஒதுக்கிவிடும். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்த கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். நேரத்தைச் சரிசெய்த மறுநிமிடமே ஏஜென்ட் இணைந்துவிடும்.

அறிகுறி: கணினிகள் இணைந்தன, ஆனால் பாலிசி பழையபடி இல்லை

இணைப்பு இல்லாத கணினியைவிட இதை அவசரமாகக் கருதவேண்டும் என்பது என் கருத்து. இணைப்பு இழந்த கணினி கடைசியாகப் பெற்ற பாலிசியுடனேயே தன்னைக் காத்துக்கொண்டிருக்கும். தவறான பாலிசியைப் பெற்ற கணினியோ, சரியாக இருந்த அமைப்பையும் இழந்துவிடுகிறது. கன்சோலிலும் அது பச்சை நிறத்திலேயே தெரியும்.

முதலில் வெளிப்படும் அறிகுறி ஆன்டிவைரஸோடு தொடர்பில்லாததுபோல் இருக்கும். தரவுத்தளச் சர்வர் மெதுவாகிவிட்டது, கணக்கியல் மென்பொருள் திறக்க நேரமாகிறது, இரவு பேக்கப் காலைவரை முடியவில்லை என்ற புகார்கள், சர்வர் மாற்றத்துக்கு மறுநாள் ஒவ்வொன்றாக வரும். பழைய பாலிசியில் இருந்த ஸ்கேன் விலக்குகள் (சோதிக்கவேண்டாம் என்று குறித்த கோப்புகள்) இப்போது இல்லை என்பதே காரணம். தரவுத்தளக் கோப்புகள், மெய்நிகர் வட்டுகள், அஞ்சல் சர்வரின் கோப்புறைகள் ஆகியவற்றை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஏஜென்ட் இப்போது சோதித்துக்கொண்டிருக்கும்.

கணினி எந்தக் குழுவில் வந்து விழுந்திருக்கிறது என்று கன்சோலில் பாருங்கள். தரவுத்தளத்தை மீட்காமல் புதிதாகத் தொடங்கியிருந்தால், வருகிற கணினிகளெல்லாம் இயல்புநிலைக் குழுவில் சேர்ந்து, அந்தக் குழுவுக்குத் தயாரிப்பாளர் முன்பே வைத்த பாலிசியை வாங்கிக்கொள்ளும். ஆகவே இடமாற்றத்துக்கு முன்னரே அந்த இயல்புநிலைக் குழுவுக்கு, பழைய விலக்குகள் அடங்கிய பாலிசியைப் பொருத்திவிடுவது நல்லது. ஏற்கெனவே நடந்துவிட்டதென்றால் சர்வர் வகைக் கணினிகளை முதலில் சரியான குழுவுக்கு நகர்த்துங்கள், மேசைக் கணினிகள் காத்திருக்கலாம். பிறகு ஒரு கணினியில் பாலிசியின் வரிசை எண்ணையோ நேரத்தையோ பார்த்து, கன்சோலில் உள்ளதோடு ஒன்றுபடுகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

அறிகுறி: தரவுத்தளத்தை மீட்டபின் மேலாண்மைச் சர்வீஸ் தொடங்கியவுடன் நின்றுவிடுகிறது

மேலாண்மைத் தரவுத்தளம் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் இருந்தால், அதன் பேக்கப்பை வேறு கணினியில் மீட்கும்போது, தரவுத்தளத்துக்குள் இருக்கும் பயனரும், சர்வர் அளவில் இருக்கும் லாகினும் பெயரால் ஒன்றாக இருந்தாலும் உள் அடையாள எண்ணால் வேறாகிவிடுகின்றன. பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்படுவதாக லாக் சொன்னால் இதுவே காரணம். அந்தப் பயனரை லாகினோடு மறுபடி பிணைக்கும் ஆல்டர் யூசர் கட்டளையால் இது தீரும். டொமைன் கணக்கைப் பயன்படுத்துவோருக்கு அடையாள எண் மாறாது என்பதால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அந்தக் கணக்குக்குப் புதிய சர்வரில் லாகின் உருவாக்கப்பட்டிருக்கவேண்டும்.

தரவுத்தளம் வேறொரு கணினியில் இருந்து, அங்கே எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு இருக்குமானால், டிசிபி இணைப்பு இயல்பாக அணைந்த நிலையில் இருக்கும். அதை எஸ்கியூஎல் உள்ளமைவு மேலாளரில் இயக்கி, சர்வீஸை மறுதொடக்கம் செய்யவேண்டும். 2008 ஆர்2 முதல் 2022 வரையிலான எக்ஸ்பிரஸ் பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது என்பதால், முழுப் பதிப்பிலிருந்து அதற்கு மாற்றுவோர் முதலில் அளவைப் பாருங்கள். பழைய நிகழ்வுப் பதிவுகளை அழித்துச் சுருக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். புதிய எஸ்கியூஎல் பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் மீட்க வழியே இல்லை. ஆன்டிவைரஸ் மேலாண்மை மென்பொருளிலும் அப்படித்தான்: பழைய சர்வரில் இருந்த அதே பதிப்பைப் புதியதில் நிறுவி, மீட்டு, எல்லாம் ஓடுவதைப் பார்த்த பிறகே மேம்படுத்துங்கள். இடமாற்றத்தையும் பதிப்பு மேம்பாட்டையும் ஒரே இரவில் செய்தால், மறுநாள் எழும் பிழை எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அறிகுறி: சர்வீஸ் ஓடுகிறது, கன்சோல் பக்கம் திறக்கவில்லை

பெரும்பாலும் போர்ட் மோதல். 443 போர்ட்டை விண்டோஸின் வலைச் சர்வரான ஐஐஎஸ் பிடித்துவைத்திருக்கும், அல்லது 8443 போர்ட்டை வேறொரு ஜாவா செயலி எடுத்திருக்கும். நெட்ஸ்டாட் காட்டும் செயல் எண்ணை டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பெரும்பாலும் யார் என்று தெரிந்துவிடும்; ஐஐஎஸ் என்றால் ‘சிஸ்டம்’ என்றே காட்டும். ஈசெட்டில் பக்கம் திறந்து, உள்நுழைவில் மட்டும் இணைப்புப் பிழை வந்தால், வலைக் கன்சோலுக்கும் சர்வருக்கும் இடையிலுள்ள 2223 போர்ட்டைப் பாருங்கள்.

அறிகுறி: நெட்வொர்க் திணறுகிறது, வைரஸ் வரையறைகள் புதுப்பிக்கப்படவில்லை

ஆன்டிவைரஸ் தினமும் இறக்குவது வரையறைகளின் (வைரஸ்களை அடையாளம் காண உதவும் தரவு) முழுத் தொகுப்பை அல்ல, முந்தைய பதிப்புக்கும் இன்றைய பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. வேறுபாட்டைக் கணக்கிடப் பழைய பதிப்பு சர்வரில் இருக்கவேண்டும். புதிய சர்வரின் சேமிப்பகத்தில் இன்றைய ஒரு பதிப்பு மட்டுமே இருப்பதால், இணைகிற ஒவ்வொரு கணினியும் முழுத் தொகுப்பைக் கேட்கிறது. மெதுவான இணைப்புள்ள கிளைகளில் இது மற்ற வேலைகளையும் நிறுத்திவிடும். கிளைக்கு ஒரு கணினியைப் புதுப்பிப்புப் பகிர்வாளராக நியமித்து, அது முழுத் தொகுப்பைப் பெற்ற பின்னரே மற்றவற்றை இடம் மாற்றுங்கள். ஏற்கெனவே பகிர்வாளர்கள் இருந்திருந்தால், அவை இன்னும் பழைய சர்வரிலிருந்தே இழுக்க முயல்கின்றனவா என்று பாருங்கள்.

சர்வரே வரையறைகளைப் பெறவில்லையென்றால் இணைய அணுகலைச் சோதியுங்கள். பழைய சர்வருக்கு, இணையத்துக்குப் போகும் இடைச் சர்வரான ப்ராக்ஸியில் தரப்பட்ட விலக்கு புதியதற்குத் தரப்பட்டிருக்காது. நிர்வாகியின் கணக்கில் உலாவி திறப்பதை நம்பவேண்டாம். சர்வீஸ் ஓடுவது வேறு கணக்கில், அதற்கு அந்த ப்ராக்ஸி அமைப்பு தெரியாது.

அறிகுறி: ஒரே கணினி பட்டியலில் இரண்டு முறை வருகிறது

ஏஜென்ட்டை மறுபடி நிறுவிய கணினிகளுக்குப் புது அடையாள எண் கிடைத்து, பழைய பதிவு அநாதையாக நிற்கும். கடைசித் தொடர்பு நேரத்தைப் பார்த்து, பழையதை மட்டும் நீக்கினால் போதும். இதற்கு நேர்மாறாக, இரண்டு கணினிகள் ஒரே பதிவில் மாறிமாறித் தோன்றினால், ஏஜென்ட்டோடு சேர்த்து நகலெடுத்த வட்டுப் பிம்பத்திலிருந்து அவை உருவானவை என்று கொள்ளுங்கள். அங்கே அடையாள எண்ணை மீட்டமைக்கவேண்டும்.

அறிகுறி: சில நாட்களாக எச்சரிக்கை மின்னஞ்சல் எதுவும் வரவில்லை

வைரஸ் வரவில்லை என்று மகிழ்வதற்கு முன், அஞ்சலை அனுப்பித்தரும் ரிலே சர்வர் பழைய சர்வரின் ஐபிக்கு மட்டும் அனுமதி தந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆன்டிவைரஸ் வைரஸாகவே கண்டறியும், ஆனால் தீங்கற்ற ஐகார் சோதனைக் கோப்பை ஒரு கணினியில் வைத்தால், கண்டறிதல், சர்வருக்குத் தகவல், மின்னஞ்சல் என்ற தொடர் முழுவதும் வேலை செய்கிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சிஸ்லாக் வழியாக நிகழ்வுகளைப் பெறும் கண்காணிப்பு அமைப்பு, ஆக்டிவ் டைரக்டரி ஒத்திசைவு, இரவு பேக்கப் எழுதப்படும் பகிர்வுக் கோப்புறை ஆகியவற்றையும் அன்றே பார்த்துவிடுங்கள். பேக்கப் டாஸ்க் இன்னும் பழைய சர்வரின் கோப்புறைக்கே எழுதிக்கொண்டிருந்தால், அந்தச் சர்வரை அணைக்கும் இரவிலிருந்து பேக்கப் நின்றுபோகும்.

அறிகுறி: பழைய சர்வரை அணைத்தபின் அவ்வப்போது ஒரு மடிக்கணினி தொலைந்துபோகிறது

இவை இடமாற்றம் நடந்த நாட்களில் அணைந்திருந்தவை, அல்லது அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியே இருந்தவை. நீண்ட விடுப்பிலிருந்து திரும்பும் ஊழியரின் மடிக்கணினி பழைய முகவரியைத் தேடிக்கொண்டேதான் வரும். பழைய சர்வரின் பெயரை டிஎன்எஸ்ஸில் புதிய ஐபிக்கு மாற்றுப்பெயராக விட்டுவைத்து, சான்றிதழும் பழையதாகவே இருந்தால், இவை யாரும் தொடாமலேயே வந்து இணைந்துகொள்ளும். சான்றிதழ் மாறியிருந்தால், பழைய சர்வரை அழிக்காமல் மெய்நிகர் கணினியாக வைத்திருந்து, பட்டியலில் கடைசித் தொடர்பு இடமாற்றத்துக்கு முந்தையதாக இருக்கும் கணினி எதுவும் மிச்சமில்லை என்று ஆகும்வரை இயக்கத்தில் விடுங்கள். அந்தக் காலத்தில் அதன் கன்சோலில் புதிய பாலிசி எதையும் எழுதக்கூடாது. இடம் மாறச் சொல்லும் அந்த ஒரு கட்டளை மட்டும் அங்கே இருந்தால் போதும்.